பில் அனுப்பியாச்சு, பணம் எப்போ வரும்? ஃப்ரீலான்சர்கள் இன்வாய்ஸில் தவறவிடும் 45 நாள் உரிமை

கேரளாவில் பில் கேட்டு வாங்கினால் பரிசு விழும் என்று ஒரு திட்டம் வந்தது. மாநில ஜிஎஸ்டி துறை 2022 ஆகஸ்டில் 'லக்கி பில்' என்று ஒரு ஆப் கொண்டுவந்தது. கடையில் வாங்கிய பில்லை போட்டோ எடுத்து அப்லோட் செய்தால் குலுக்கலில் சேரலாம் என்பது ஏற்பாடு. பம்பர் பரிசு 25 லட்சம் ரூபாய். லாட்டரியை அரசே நடத்தும் மாநிலத்துக்குப் பொருத்தமான யோசனைதான். வாங்குபவர் பில் கேட்டால் விற்பவர் கணக்கில் காட்டியே ஆகவேண்டும், வரி வந்துசேரும்.

பில் வாங்குகிறவருக்கு இப்படி. பில் கொடுக்கிறவர் கதை வேறு. குறிப்பாக கடை இல்லாமல், கவுண்டர் இல்லாமல், லேப்டாப்பை மட்டும் வைத்துத் தொழில் செய்கிறவர்கள். அவர்கள் பில் போடுகிறார்கள், அனுப்புகிறார்கள், பிறகு காத்திருக்கிறார்கள்.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். கொச்சி கலூரில், ஜவஹர்லால் நேரு ஸ்டேடியத்துக்கு அருகில் ஒரு வாடகை ஃப்ளாட். கோயம்புத்தூரில் இருந்து வந்து அங்கே தங்கி, ஃப்ரீலான்ஸ் டிசைனராக வேலை பார்க்கும் ஒருவர். இடப்பள்ளியில் ஒரு கிளையன்ட், சென்னை கிண்டியில் ஒரு கம்பெனி, சிங்கப்பூரில் ஒருவர். ஜனவரி 6 அன்று சென்னை கம்பெனிக்கு வேலையை முடித்து ஃபைல் அனுப்புகிறார். அதே நாளில் 1 லட்சம் ரூபாய்க்கு இன்வாய்ஸும் போகிறது. பிப்ரவரியில் போன் செய்தால், "அக்கவுண்ட்ஸ்ல ப்ராசஸ் ஆயிட்டிருக்கு சார்". மார்ச்சில் கேட்டால், "இயர் எண்ட் சார், ஏப்ரல்ல பார்த்துக்கலாமே".

ஆள் கற்பனை. பதில்கள் கற்பனை இல்லை என்பது படிக்கிற பலருக்கும் தெரியும்.

இந்த உரையாடலில் டிசைனருக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. ஜனவரி 21-ம் தேதியோடு அந்த கம்பெனிக்கு சட்டம் கொடுத்த கெடு முடிந்துவிட்டது.

அது என்ன சட்டம்?

2006-ல் வந்த எம்எஸ்எம்இ மேம்பாட்டுச் சட்டம். அதன் 15-வது பிரிவு சொல்வது எளிது. குறு, சிறு தொழில் செய்பவரிடம் பொருளோ சேவையோ வாங்கினால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள் பணம் தர வேண்டும். அந்தத் தேதி எக்காரணம் கொண்டும் 45 நாளைத் தாண்டக் கூடாது. ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள். கான்ட்ராக்டில் '90 நாளில் பேமென்ட்' என்று எழுதி நீங்கள் கையெழுத்தே போட்டிருந்தாலும் சட்டத்தின் கணக்கு 45-தான்.

தாமதமானால் வட்டி. ரிசர்வ் வங்கியின் பேங்க் ரேட்டைப் போல மூன்று மடங்கு, அதுவும் மாதாமாதம் கூட்டு வட்டி. 2025 ஜூனில் பேங்க் ரேட் 5.75 சதவீதமாகக் குறைந்தது. அந்தக் கணக்கில் ஆண்டுக்கு 17.25 சதவீதம். நம் டிசைனரின் 1 லட்சம் ஆறு மாதம் தாமதமானால் வட்டி மட்டும் ஏறக்குறைய 8,940 ரூபாய். பல கிரெடிட் கார்டுகளை விடக் குறைவுதான், ஆனால் எந்த ஃபிக்சட் டெபாசிட்டையும் விட அதிகம். இந்த வட்டியைக் கொடுக்கும் கம்பெனி அதைத் தன் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டவும் முடியாது.

'நான் தனி ஆள், எனக்கு எப்படி எம்எஸ்எம்இ சட்டம் பொருந்தும்?' என்று கேட்கலாம். பொருந்தும். 2025 ஏப்ரல் 1 முதல் அமலில் உள்ள வரையறைப்படி, இயந்திரம், கருவிகளில் முதலீடு 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் நீங்கள் குறுந்தொழில். ஃப்ரீலான்சரில் யார் இதற்கு மேலே இருக்கப் போகிறார்? செய்ய வேண்டியது உத்யம் தளத்தில் பதிவு. ஆதாரும் பானும் இருந்தால் போதும், இலவசம். (கூகுளில் தேடினால் அரசுத் தளம் போலவே வேஷம் போட்டு கட்டணம் கேட்கும் தளங்கள் முதலில் வரும். முகவரியில் gov.in என்ற முடிவைப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள்.) பொருள் வாங்கி விற்கும் வியாபாரிகளும் உத்யமில் சேரலாம், ஆனால் அவர்களுக்கு வங்கிக் கடன் முன்னுரிமை மட்டும்தான், இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது. சேவை தருபவருக்கு உண்டு.

கடிகாரம் ஓட ஆரம்பிப்பது எப்போது?

பெரும்பாலானவர்கள் கோட்டைவிடும் இடம் இதுதான். இன்வாய்ஸ் தேதியில் இருந்துதான் நாள் எண்ண வேண்டும் என்று நினைக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. பொருளை ஒப்படைத்த நாள், அல்லது சேவையைச் செய்து முடித்த நாள். அதைத்தான் 'ஏற்றுக்கொண்ட நாள்' என்கிறது.

டிசைன், வீடியோ, எழுத்து, கோடிங் எல்லாவற்றிலும் 'முடிந்தது' எப்போது என்பதே சண்டை. "அப்ரூவல் இன்னும் வரல", "எம்டி பார்க்கணும்", "சின்னச் சின்ன கரெக்‌ஷன்". இதற்கும் சட்டத்தில் பதில் இருக்கிறது. நீங்கள் ஒப்படைத்த 15 நாளுக்குள் கிளையன்ட் எழுத்தில் ஆட்சேபம் சொல்ல வேண்டும். சொன்னால், அந்தக் குறையை நீங்கள் சரிசெய்த நாள்தான் ஏற்றுக்கொண்ட நாள். சொல்லாவிட்டால், ஒப்படைத்த நாளே ஏற்றுக்கொண்ட நாளாகிவிடும். இரண்டு மாதம் கழித்து போனில் "கலர் கொஞ்சம் டல்லா இருக்கே" என்றால் அது ஆட்சேபம் ஆகாது.

அதனால் இன்வாய்ஸை விட முக்கியமான ஆவணம் ஒன்று உண்டு: ஃபைனல் ஃபைல் போன மெயில். வாட்ஸ்அப்பில் லிங்க் போட்டு "சார் செக் பண்ணுங்க" என்று முடித்துவிடாமல், 'இன்னின்ன வேலை இந்தத் தேதியில் முழுமையாக ஒப்படைக்கப்பட்டது, இன்வாய்ஸ் எண் இது' என்று இரண்டு வரி மெயில் போட்டால் தேதி உறுதியாகிவிடும். நானும் ஃப்ரீலான்ஸ் செய்த காலத்தில் 'இன்வாய்ஸ் ஃபைனல்', 'இன்வாய்ஸ் ஃபைனல் 2' என்று பெயர் வைத்து அனுப்பியிருக்கிறேன். எந்த வேலை எந்த நாளில் கொடுத்தேன் என்று இப்போது கேட்டால் எனக்கே தெரியாது.

பில்லில் என்ன எழுத வேண்டும்?

ஜிஎஸ்டி இல்லாதவர் என்றால் விஷயம் சுருக்கம். உங்கள் பெயர், முகவரி, பான், கிளையன்டின் சட்டப்படியான பெயர், பில் எண், தேதி, செய்த வேலை, தொகை, வங்கி விவரம். இதோடு உத்யம் எண். அந்த ஒரு வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் குறுந்தொழில் என்று கிளையன்டின் அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு வேறு எப்படித் தெரியும்?

சேவைத் தொழிலில் கேரளாவிலும் தமிழ்நாட்டிலும் ஆண்டுக்கு 20 லட்சம் தாண்டினால்தான் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். 'வெளி மாநில கிளையன்ட் இருந்தாலே ஜிஎஸ்டி எடுத்தாக வேண்டும்' என்ற பேச்சு இன்னும் சுற்றுகிறது. சேவைகளுக்கு அது 2017 அக்டோபரிலேயே தளர்த்தப்பட்டுவிட்டது. பதிவு இல்லாதவர் பில்லில் ஜிஎஸ்டி என்று ஒரு வரி போட்டு வசூலிப்பது சட்டப்படி தவறு. 'கெத்தா இருக்கும்' என்று டெம்ப்ளேட்டில் அந்த வரியை விட்டுவைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பதிவு இருந்தால், ஜிஎஸ்டி விதி 46 கேட்பதெல்லாம் இருக்க வேண்டும். பில் எண் தொடர்ச்சியாக, 16 எழுத்துக்குள், ஒரு நிதியாண்டில் ஒரு முறைதான் வர வேண்டும். சேவைக்கான குறியீட்டு எண் வேண்டும், டிசைன் வேலை 9983-ல் வரும். வரி எங்கே சேரும் என்பதும் முக்கியம். கலூரில் இருந்து இடப்பள்ளி கம்பெனிக்கு பில் போட்டால் மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9. கிண்டி கம்பெனிக்கு போட்டால் ஐஜிஎஸ்டி 18. சிங்கப்பூர்காரருக்கு என்றால் ஏற்றுமதி. ஆண்டு தொடக்கத்தில் ஜிஎஸ்டி தளத்தில் எல்யூடி என்ற உறுதிமொழியைத் தாக்கல் செய்துவிட்டால் வரி போடாமலே பில் அனுப்பலாம், பில்லில் அந்த விவரம் எழுதியிருக்க வேண்டும்.

டிடிஎஸ் பற்றி ஒரு சின்னக் கணக்கு. கம்பெனிகள் தொழில்முறைக் கட்டணத்தில் 10 சதவீதம் பிடிக்கும், ஒரே கம்பெனியிடம் ஆண்டுக்கு 50,000 ரூபாய் தாண்டினால். (2025 மார்ச் வரை இந்த வரம்பு 30,000. சில கம்பெனிகள் இதையே ஒப்பந்த வேலையாக எண்ணி 1 சதவீதம் மட்டும் பிடிக்கும்.) ஜிஎஸ்டியைத் தனி வரியாகக் காட்டியிருந்தால், ஜிஎஸ்டி சேராத தொகைக்கு மட்டும்தான் டிடிஎஸ். இது 2017-ல் நேரடி வரிகள் வாரியம் சுற்றறிக்கையாகவே சொன்னது. 1,00,000 + 18,000 என்று பிரித்து எழுதினால் பிடிப்பது 10,000, கைக்கு 1,08,000. மொத்தமாக 1,18,000 என்று எழுதினால் 11,800 போய்விடும். திரும்ப வாங்கிக்கொள்ளலாம்தான், அடுத்த வருடம் ரிட்டர்ன் போட்ட பிறகு.

வராத பணத்துக்கு வரி

ஜிஎஸ்டி உள்ள ஃப்ரீலான்சருக்கு தாமதம் இரட்டை அடி. சேவைக்கு பில் போட்ட தேதி, பணம் வந்த தேதி, இரண்டில் எது முந்தியதோ அந்த மாதக் கணக்கில் வரி கட்ட வேண்டும். ஜனவரி 6-ல் போட்ட பில்லுக்கு 18,000 ரூபாய் ஐஜிஎஸ்டியை, மாதாமாதம் தாக்கல் செய்பவர் பிப்ரவரி 20-க்குள் கட்டியாக வேண்டும். கிளையன்ட் தந்தாரா இல்லையா என்று போர்ட்டல் கேட்காது.

இன்னொன்றைக் கவனியுங்கள். ஜனவரி 6-ல் இருந்து 45 நாள் எண்ணினால் வருவதும் பிப்ரவரி 20-தான். எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருக்கும் கிளையன்ட் உங்களுக்குப் பணம் தர வேண்டிய கடைசி நாளும் நீங்கள் அரசுக்குக் கட்ட வேண்டிய கடைசி நாளும் ஒன்று. தாமதித்தால் அரசு உங்களிடம் ஆண்டுக்கு 18 சதவீத வட்டியோடு லேட் ஃபீயும் வாங்கிவிடுகிறது. கிளையன்ட் தாமதித்தால் வட்டியை நீங்களே கேட்டு வாங்க வேண்டும்.

அதனால்தான் பலர் முதலில் புரோஃபார்மா அனுப்பி, பணம் வந்ததும் உண்மையான இன்வாய்ஸ் போடுகிறார்கள். புரிந்துகொள்ளக்கூடிய தந்திரம். ஆனால் சேவை முடிந்த 30 நாளுக்குள் டாக்ஸ் இன்வாய்ஸ் போட்டாக வேண்டும் என்று விதி இருக்கிறது. ஒரு மாதம் தாங்கும், ஆறு மாதம் தாங்காது. அட்வான்ஸ் 50 சதவீதம் வாங்குவதுதான் எனக்குத் தெரிந்து இதற்கு நேர்மையான வழி.

மார்ச் மாதம் உங்கள் பக்கம்

இவ்வளவு சட்டம் இருந்தும் 2024 வரை பெரிய மாற்றம் இல்லை. குளோபல் அலையன்ஸ் ஃபார் மாஸ் ஆன்ட்ரப்ரனர்ஷிப் அமைப்பும் டன் அண்ட் பிராட்ஸ்ட்ரீட்டும் 2022-ல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவின் சிறு தொழில்களுக்குத் தாமதமாகும் பணம் 10.7 லட்சம் கோடி ரூபாய் என்று மதிப்பிட்டது. வட்டி கேட்டால் அடுத்த ஆர்டர் வராது என்ற பயம்தான் அடிப்படைக் காரணம்.

2023 பட்ஜெட்டில் அரசு வேறு பக்கமாக வந்தது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு உட்பிரிவு சேர்ந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் அமல். குறு, சிறு தொழிலுக்கு கெடுவுக்குள் பணம் தராத கம்பெனி, அந்தத் தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது. எப்போது பணம் தருகிறதோ அந்த ஆண்டில்தான் காட்டலாம்.

நம் டிசைனரின் 1 லட்சம் மார்ச் 31 அன்றும் பாக்கி என்றால், 22 சதவீத அடிப்படை வரித் திட்டத்தில் இருக்கும் கிண்டி கம்பெனி, சர்சார்ஜும் செஸ்ஸும் சேர்த்து அந்த ஆண்டு சுமார் 25,168 ரூபாய் கூடுதல் வரி கட்ட நேரிடும். "ஏப்ரல்ல பார்த்துக்கலாம்" என்ற பதிலுக்கு அந்த கம்பெனியின் ஆடிட்டரே ஒத்துக்கொள்ள மாட்டார்.

இதன் பல் மார்ச்சில் மட்டும்தான் கடிக்கும் என்பதையும் சொல்லவேண்டும். ஜூனில் கொடுத்த வேலைக்கு டிசம்பரில் பணம் வந்தால், கெடு தாண்டியிருந்தாலும் அதே நிதியாண்டுக்குள் வந்துவிட்டதால் கம்பெனிக்கு வரியில் எந்த நஷ்டமும் இல்லை. மார்ச்சில் கொடுத்த வேலைக்கு 45 நாள் கெடு ஏப்ரலிலோ மே மாதத்திலோதான் முடியும், அந்தக் கெடுவுக்குள் பணம் தந்துவிட்டால் அதுவும் தப்பிவிடும். பிப்ரவரி நடுப்பகுதிக்கு முன் கொடுத்து, மார்ச் 31 வரை பாக்கி நிற்கும் பில்களுக்குத்தான் இது ஆயுதம். அப்படி ஏதாவது இருந்தால் மார்ச் இரண்டாம் வாரத்தில், உத்யம் சான்றிதழை இணைத்து, பாக்கி பில்களின் பட்டியலோடு அக்கவுண்ட்ஸ் டிபார்ட்மென்ட்டுக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். மிரட்ட வேண்டியதில்லை. 'உங்கள் ஆண்டுக் கணக்குக்காக' என்று எழுதினாலே அவர்களுக்குப் புரியும். 2026 ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. மெயிலில் எண்ணை விட 'எம்எஸ்எம்இ பாக்கி' என்று சொல்வது பாதுகாப்பு.

பக்க விளைவும் உண்டு. உத்யம் பதிவை ரத்து செய்தால்தான் ஆர்டர் என்று சில பெரிய வாங்குபவர்கள் கேட்பதாக இந்த விதி வந்தபோதே சிறு தொழில் சங்கங்கள் புகார் சொன்னன. பலவீனமானவரைக் காப்பாற்ற வந்த விதி, அவரைத் தவிர்க்க ஒரு காரணமாகவும் ஆகலாம்.

பில்லை விற்க முடியுமா?

கலூரில் இருந்து மெட்ரோவும் பஸ்ஸும் மாறி மட்டாஞ்சேரி போனால் பஜார் ரோட்டில் பழைய மிளகு, சுக்கு கிடங்குகள் இருக்கும். குஜராத்தி வணிகர்கள் தலைமுறைகளாகத் தொழில் செய்த இடம். அவர்களுக்கும் நம் நாட்டுக்கோட்டை நகரத்தாருக்கும் உண்டியல் என்ற ஹுண்டி பழக்கமான விஷயம். வரவேண்டிய பணத்துக்கான தாளைக் கொஞ்சம் தள்ளுபடியில் இன்னொருவரிடம் கொடுத்து இன்றே காசாக்கிக்கொள்ளலாம்.

அதன் இன்றைய வடிவம்தான் ட்ரெட்ஸ். ஆர்எக்ஸ்ஐஎல், எம்1எக்ஸ்சேஞ்ச், இன்வாய்ஸ்மார்ட் போன்ற தளங்களில் உங்கள் இன்வாய்ஸை வாங்கும் கம்பெனி ஏற்றுக்கொண்டதும் வங்கிகள் ஏலம் கேட்டு உடனே பணம் தரும். 250 கோடிக்கு மேல் விற்றுமுதல் உள்ள கம்பெனிகள் 2025 மார்ச் 31-க்குள் இதில் சேர வேண்டும் என்று அரசு உத்தரவிட்டது. சேர்வது கட்டாயம், ஒவ்வொரு பில்லையும் அதில் ஏற்றுவது கட்டாயம் இல்லை. 1 லட்ச ரூபாய் டிசைன் பில்லுக்கு இது நடைமுறையில் உதவுவது சந்தேகம். டீம் வைத்து பெரிய ஆர்டர் எடுப்பவர்கள் பார்க்கலாம்.

கடைசி வழி: கவுன்சில்

எதுவும் நடக்கவில்லை என்றால் அரசின் ஆன்லைன் தளத்தில் புகார் கொடுக்கலாம். அது மாநிலத்தின் ஃபெசிலிட்டேஷன் கவுன்சிலுக்குப் போகும். முதலில் சமரசம், அது முடியாவிட்டால் ஆர்பிட்ரேஷன். வழக்கு எங்கே நடக்கும் என்பதில் சட்டம் உங்கள் பக்கம். பணம் தரவேண்டியவர் இந்தியாவில் எங்கே இருந்தாலும், சப்ளையர் இருக்கும் இடத்து கவுன்சில் விசாரிக்கலாம். கலூர் டிசைனர் கிண்டிக்கோ டெல்லிக்கோ அலைய வேண்டாம். தீர்ப்பை எதிர்த்து கோர்ட்டுக்குப் போக விரும்பும் கம்பெனி, முதலில் தொகையில் 75 சதவீதத்தை டெபாசிட் செய்ய வேண்டும். ஆனால் 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்வதை நம்பி வாடகைக்குக் கணக்குப் போடாதீர்கள்.

போவதற்கு முன் தெரிந்துகொள்ள வேண்டிய தீர்ப்பு ஒன்று இருக்கிறது. 2021 ஜூன் 29, உச்ச நீதிமன்றம். கேரளாவில் இருந்தும் சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்தும் வந்த மேல்முறையீடுகள் சேர்த்து விசாரிக்கப்பட்டன. கேரள வழக்கில் சில்பி இண்டஸ்ட்ரீஸ் உள்ளிட்ட சப்ளையர்கள் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு டயர் ரீட்ரெடிங் பொருள் சப்ளை செய்திருந்தார்கள். 90 சதவீதம் வந்துவிட்டது, செயல்திறன் அறிக்கைக்குப் பிறகு தருவதாக நிறுத்தி வைத்த 10 சதவீதம்தான் பிரச்சினை. இந்த ஆர்பிட்ரேஷனுக்கும் காலவரம்புச் சட்டம் பொருந்தும் என்றது நீதிமன்றம். அதாவது பழைய பாக்கியைப் பல வருடம் தூங்கவிட்டுப் போய்க் கேட்க முடியாது, பொதுவாக மூன்று ஆண்டு.

சென்னை வழக்கில் சப்ளையர் ஒப்பந்தம் போட்டது 2010-ல், பதிவுக்குப் போனது 2015-ல். பதிவுக்கு முன்பு செய்த சப்ளைக்கு இந்தச் சட்டத்தின் பலன் கிடையாது என்று தீர்ப்பு வந்தது. 2022 அக்டோபரில் மகாகாளி ஃபுட்ஸ் வழக்கிலும் உச்ச நீதிமன்றம் அதே வழியில் போனது. 2025 ஜனவரி 10 அன்று என்பிசிசி வழக்கில் இரண்டு நீதிபதிகள் இந்த நிலைப்பாட்டையே சந்தேகித்து, மூன்று நீதிபதி அமர்வு முடிவு செய்யட்டும் என்று அனுப்பினார்கள்.

அங்கே எந்தப் பக்கம் முடிவானாலும், முதல் வேலையை ஒப்புக்கொள்வதற்கு முன்பே உத்யமில் பதிவு செய்தவருக்கு இந்தச் சிக்கல் இல்லை. பதிவுக்கு அரை மணி நேரம் கூட ஆகாது. சான்றிதழில் ஒரு தேதி அச்சாகி வரும். கிளையன்ட்டின் வக்கீல் முதலில் பார்ப்பது அந்தத் தேதியைத்தான்.